கீழாநெல்லியும் ஆராய்ச்சிசாலை எலியும்

மழைக்காலம் தொடங்கியதும் வரப்புகளிலும், நிலக்கடலைக் கொல்லைகளிலும், வாய்க்கால் ஓரங்களிலும் விதைப்பாரின்றித் தானே முளைத்து வளரும் பூண்டுகளில் கீழாநெல்லியும் ஒன்று. களையெடுப்பவர்கள் இதனைப் பிடுங்கி எறிவதும், வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் அதே பூண்டைத் தேடி வரப்பு வரப்பாக அலைவதும் கிராமங்களில் வழக்கம். இதன் இலையை அரைத்து, மோரிலோ ஆட்டுப்பாலிலோ கலந்து வெறும் வயிற்றில் கொடுத்து, உப்பும் எண்ணெயும் நீக்கிப் பத்தியம் காப்பது தொன்றுதொட்டு வந்த வைத்திய முறையாகும். சித்த வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் இதற்கு உயர்ந்த இடம் உண்டு. ஆயுர்வேத நூலார் இதனைப் பூமியாமலகி என்பர்.

இப்பூண்டு களையாக மட்டும் இருந்த நிலை மாறி, இப்பொழுது விலைபோகும் சரக்காகவும் ஆகியுள்ளது. கரம்பு நிலங்களிலிருந்து சேகரித்து விற்போரும், பயிராகவே சாகுபடி செய்வோரும் உளர். சரக்கு வாங்க வரும் வியாபாரி, "இது எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்து நிரூபிக்கப்பட்ட மருந்து" என்று கூறுவதைக் குடியானவர்கள் கேட்டிருக்கக்கூடும். அச்சொல்லின் பொருள் யாது? எலிக்குக் குணமாகியது என்றால் மனிதனுக்கும் குணமாகும் என்பது முடிந்த முடிவா? அப்பரிசோதனைகள் நடைபெறும் விதத்தையும், அவற்றால் தெரியவருவன இவை, தெரியவராதன இவை என்பதையும், அவற்றின் முடிவு மெய்யாவதற்குச் செடியை விளைவிப்பவரின் கை எவ்வளவு தூரம் காரணமாகிறது என்பதையும் இங்கே காண்போம்.

செடியும் அதன் பெயரும்

நெல்லியிலை போன்ற சிற்றிலைகள் இருபுறமும் வரிசையாக அமைந்த மெல்லிய கிளைக்காம்பின் கீழ்ப்புறத்தில், கடுகைவிடச் சற்றுப் பெரிய காய்கள் தொங்குவதால் இதற்குக் கீழாநெல்லி என்னும் பெயர் வந்தது. ஆனால், அவ்விதமே தோற்றமளிக்கும் பூண்டுகள் பல. அவற்றைப் பிரித்தறிவதில் ஊர் மக்கள் மட்டுமல்லர், தாவர நூலாரும் நெடுங்காலம் தடுமாறினர்.

நம் நாட்டுக் கீழாநெல்லியைப் பழைய நூல்கள் யாவும் "பைலாந்தஸ் நிரூரி" என்றே குறித்தன. லின்னேயஸ் 1753-ல் அப்பெயரிட்ட செடி உண்மையில் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது என்றும், இந்தியாவில் அப்பெயரால் வழங்கப்பட்டவை வேறு வேறு இனங்கள் என்றும் வெப்ஸ்டர் என்னும் அமெரிக்கத் தாவர நூலார் 1950-களில் எடுத்துக் காட்டினார். அவ்வினங்களுள் மருந்துக்குச் சிறந்ததாக இன்று கொள்ளப்படுவது "பைலாந்தஸ் அமாரஸ்" என்பது. அமாரஸ் என்னும் லத்தீன் சொல்லுக்குக் கசப்பு என்று பொருள். இலையை மென்றால் அதன் காரணம் விளங்கும்.

இதனோடு கலந்துவிடும் இனங்களில் முக்கியமானவை மூன்று. முதலாவது "பைலாந்தஸ் பிரேட்டர்னஸ்." இது அமாரஸைப் பெரிதும் ஒத்திருக்கும், பூவிதழ்கள் அமாரஸுக்கு ஐந்து, இதற்கு ஆறு. சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இவ்வேறுபாட்டைக் காணலாம். இரண்டாவது சிவப்புக் கீழாநெல்லி எனப்படும் "பைலாந்தஸ் யூரினேரியா." இதன் தண்டு பெரும்பாலும் செந்நிறம் ஓடியிருக்கும், காய்கள் காம்பின்றி ஒட்டினாற்போல் இருப்பதோடு, மேற்புறம் சொரசொரப்பாகவும் காணப்படும். அமாரஸின் காய் வழவழப்பானது. சிறு காம்புடன் தொங்குவது. மூன்றாவது மேலாநெல்லி எனப்படும் "பைலாந்தஸ் மதராஸ்படென்ஸிஸ்." இதன் இலைகள் அடி குறுகி நுனி அகன்று நீண்டவை; கீழாநெல்லியைப்போல் இலைகள் இருவரிசையாக அடுக்கிய கிளைக்காம்புகள் இதற்கு இல்லை.

இந்த வேறுபாடுகள் அற்பமானவை என்று எண்ணலாகாது. அமாரஸின் இலையில் பைலாந்தின், ஹைப்போபைலாந்தின் என்னும் இரண்டு சத்துப்பொருள்கள் உள்ளன. கல்லீரலைக் காக்கும் குணத்துக்கு இவை காரணங்களுள் சேர்ந்தவை என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். மற்ற இனங்களில் பெரும்பாலானவற்றில் இச்சத்துக்கள் மிகக் குறைவு, அல்லது இல்லை. அமாரஸிலும் இலையில்தான் மிகுதி, தண்டில் சொற்பமே.

காமாலை ஒரு நோயன்று

பரிசோதனையைப் பற்றிப் பேசுமுன், காமாலை என்பது யாது என்று தெளிதல் வேண்டும். இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் தம் ஆயுள் முடிந்து சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதனை வாங்கிப் பித்தநீருடன் குடலுக்கு அனுப்பிவிடுகிறது. இவ்வேலை எவ்விடத்திலாவது தடைப்பட்டால், அப்பொருள் இரத்தத்தில் தங்கிக் கண்ணையும் தோலையும் மஞ்சளாக்குகிறது. ஆகவே, காமாலை ஒரு நோயின் அடையாளமேயன்றித் தனி நோயன்று. வைரஸ் கிருமிகளால் வரும் கல்லீரல் அழற்சி, மதுபானம், சில மருந்துகளின் நஞ்சு, எலிக்காய்ச்சல், பித்தக் குழாயில் கல் அல்லது கட்டி, இரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மிஞ்சிச் சிதைதல் என அதற்குக் காரணங்கள் பல.

இவற்றுள், அசுத்தமான ஜலத்தாலும் உணவாலும் பரவும் ஏ வகை, ஈ வகைக் கல்லீரல் அழற்சிகள் பெரும்பாலாருக்குச் சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். அச்சமயத்தில் எந்தப் பச்சிலையைக் கொடுத்திருந்தாலும், குணமானது அப்பச்சிலையால்தான் என்றே வீட்டார் நம்புவர். பச்சிலை கொடாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்பதற்கு வழியில்லை. பலர் பலன் கண்டதாகச் சொல்லும் சாட்சி மட்டும் மருந்தின் குணத்தை நிலைநாட்டப் போதாது என்பதற்கும், ஆராய்ச்சிசாலையில் பரிசோதிக்க வேண்டியிருப்பதற்கும் இதுவே காரணம்.

எலிகளில் சோதிக்கும் முறை

கல்லீரலுக்கான மூலிகையைச் சோதிக்கப் பெரும்பாலும் வெள்ளை எலிகளே பயன்படுகின்றன. இவை ஒரே வம்சத்தில், ஒரே வித உணவில், ஒரே வித வெப்பத்தில் வளர்க்கப்பட்டவை. நம் நாட்டில் இத்தகைய பரிசோதனைகள், 1960-ம் வருஷத்து மிருக வதைத் தடைச் சட்டத்தின்கீழ் அமைந்த குழுவின் கண்காணிப்புக்கு உட்பட்டவை. ஒவ்வோர் ஆராய்ச்சி நிலையத்திலும் உள்ள ஒழுக்கநெறிக் குழுவின் சம்மதம் பெற்ற பின்னரே தொடங்கலாம். ரஸல், பர்ச் என்னும் இரு ஆங்கிலேயர் 1959-ல் வெளியிட்ட நூலில் கூறிய மூன்று விதிகள் உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ளன: ஜந்துக்கள் இன்றி அறியக்கூடியதை ஜந்துக்கள் இன்றியே அறிதல் வேண்டும், வேண்டியதற்கு மேல் ஒரு ஜந்துவையும் பயன்படுத்தலாகாது, பயன்படுத்துவனவற்றின் வேதனையை இயன்றவரை குறைத்தல் வேண்டும்.

முதற்கண் மூலிகையை ஜலத்திலோ சாராயச் சத்திலோ ஊறவைத்து அதன் சாரத்தை வடித்தெடுப்பர். ஜலத்தில் இறங்கும் பொருள்கள் வேறு, சாராயச் சத்தில் இறங்கும் பொருள்கள் வேறு. ஆகவே, எதில் வடித்த சாரம் என்று குறியாத முடிவு பயன் தராது. பின்னர், சாரத்தைப் படிப்படியாக அளவு கூட்டிச் சில ஜந்துக்களுக்குக் கொடுத்து, நஞ்சுத்தன்மை உண்டா என்று நோக்குவர்.

அதன்மேல் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரிப்பர். கூட்டத்துக்கு ஆறு எலிகள் என்பது பொதுவான வழக்கம். முதற் கூட்டத்துக்கு ஒன்றும் செய்வதில்லை. இரண்டாங் கூட்டத்துக்குக் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு மட்டும் கொடுக்கப்படும். மூன்றாங் கூட்டத்துக்கு நஞ்சுடன், ஏற்கெனவே குணம் அறியப்பட்ட ஒரு மருந்து கொடுக்கப்படும். ஐரோப்பிய முட்செடி ஒன்றின் விதையிலிருந்து எடுக்கும் சிலிமாரின் இதற்குப் பெரும்பாலும் பயன்படுகிறது. மற்றக் கூட்டங்களுக்கு நஞ்சுடன், சோதிக்க வேண்டிய மூலிகைச் சாரம் குறைந்த அளவிலும் கூடிய அளவிலும் கொடுக்கப்படும்.

நஞ்சாகப் பயன்படுவனவற்றுள் முக்கியமானது கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் திரவம். கல்லீரல் இதனைச் சிதைக்க முயலும்போது உண்டாகும் ஒரு தீவிரமான துகள், கல்லீரல் உயிரணுக்களின் மேற்சவ்வை அரித்துவிடுகிறது. சவ்வு ஓட்டையானதும், அணுக்களுக்குள் இருக்க வேண்டிய டிரான்ஸமினேஸ் என்னும் நொதிகள் இரத்தத்தில் கசிகின்றன. எலியின் இரத்தத்தில் அந்நொதிகள் எவ்வளவு ஏறியுள்ளன என்று அளந்தால், கல்லீரல் எவ்வளவு கெட்டது என்பது தெரியவரும். மூலிகை கொடுத்த எலிகளில் அவ்வளவு குறைந்திருந்தால், மூலிகை கல்லீரலைக் காத்தது என்று கொள்ளலாம். பின்னர், கல்லீரலைச் சன்னமாகச் சீவிச் சூட்சுமதரிசினியால் பார்த்து அதனை உறுதி செய்வர். 1985-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பைலாந்தினும் ஹைப்போபைலாந்தினும் தனித்தெடுத்த எலிக் கல்லீரல் அணுக்களை இந்நஞ்சின் கேட்டிலிருந்து காத்தன என்று காட்டப்பட்டது. அதன் பின் நடந்த பல எலிப் பரிசோதனைகளிலும் கீழாநெல்லிச் சாரம் இதனையொத்த பலனைக் காட்டியுள்ளது.

வயலிலிருந்து சென்ற முறை

எலிகளில் ஒரு கூட்டத்தைச் சும்மா விட்டுவைப்பது ஏன் என்று கேட்போருக்கு, வயற் பரீட்சையே விடையளிக்கும். புதிய எரு ஒன்றின் பலனைப் பார்க்க விரும்புபவர், அதனை வயல் முழுவதும் இட்டுவிட்டு, மகசூல் கூடியது என்று சொன்னால் அறிந்தோர் ஏற்கமாட்டார். அவ்வருஷம் நல்ல மழை பெய்திருக்கலாம். அவ்வயல் இயல்பிலேயே வளமானதாக இருக்கலாம். ஆகவே, எருவிட்ட பாத்திக்கு அருகிலேயே எருவிடாத பாத்தியும் வேண்டும். ஒரே பாத்தியன்றிப் பல பாத்திகள் வேண்டும். எந்தப் பாத்திக்கு எரு இடுவது என்பதையும் மனம்போல் தேர்ந்தெடுக்காமல், சீட்டுப் போட்டுத் தீர்மானித்தல் வேண்டும்.

இம்முறையைக் கணித வகையில் செப்பனிட்டவர் ஆர். ஏ. பிஷர் என்னும் ஆங்கிலேய அறிஞர். அவர் 1919 முதல் 1933 வரை இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியபோது, கோதுமை, உருளைக்கிழங்கு முதலிய பயிர்களின் வயற் கணக்குகளைக்கொண்டு இதனை வகுத்தார். பரிசோதனைகளைத் திட்டமிடுவது பற்றிய அவருடைய நூல் 1935-ல் வெளிவந்தது. இன்று எலிகளைச் சீட்டுப் போட்டுக் கூட்டம் பிரிப்பதும், மனிதர்களில் மருந்தைச் சோதிக்கும்போது பாதிப் பேருக்கு மருந்தில்லா மாத்திரை கொடுத்து ஒப்பிடுவதும் அந்த வயல்வெளி முறையின் வழிவந்தவை. ஆகவே, குடியானவர் எவரும் தம் பாத்திக் கணக்கைக்கொண்டே ஆராய்ச்சிசாலையின் கணக்கைப் புரிந்துகொள்ளலாம்.

எலியின் சாட்சிக்கு எல்லை

எலியின் கல்லீரல் காக்கப்பட்டது என்பதால் மனிதனின் காமாலை தீரும் என்று ஆகிவிடாது. அதற்குக் காரணங்கள் நான்கு.

முதலாவது, மருந்து கொடுக்கும் காலம். பெரும்பாலான பரிசோதனைகளில் மூலிகைச் சாரத்தைப் பல நாள் முன்னதாகவே கொடுத்து, அதன் பின்னரே நஞ்சைக் கொடுக்கின்றனர். இது காப்பு, சிகிச்சையன்று. மனிதனோ கண் மஞ்சளித்த பிறகே மருந்தைத் தேடுகிறான். வெள்ளம் வருமுன் கரை கட்டுவதும், உடைந்த பின் கட்டுவதும் ஒன்றல்ல.

இரண்டாவது, நோயின் காரணம். எலியின் கல்லீரலைக் கெடுத்தது ஒரு ரஸாயன நஞ்சு. மனிதனுக்கு வந்தது வைரஸாக இருக்கலாம், பித்தக் கல்லாக இருக்கலாம். ஒன்றில் கண்ட பலன் மற்றொன்றுக்கும் பொருந்தும் என்று கொள்ள ஆதாரம் வேண்டும்.

மூன்றாவது, மருந்தின் அளவு. சிறிய ஜந்துவின் தேகம் மருந்தை விரைவில் எரித்துவிடும். எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 200 மில்லிகிராம் பலன் தந்தது என்றால், 60 கிலோ எடையுள்ள மனிதனுக்கு 12 கிராம் என்று கணக்கிடுவது தவறு. இரண்டு தேகங்களின் மேற்பரப்பைக் கருதி 6.2-ஆல் வகுப்பது வழக்கம். அவ்வாறு பார்த்தால் கிட்டத்தட்ட 2 கிராமே வரும். அதுவும் மேலும் ஆராய்வதற்குத் தொடக்கமேயன்றி, உட்கொள்ளும் அளவாகாது.

நான்காவது, மருந்து செல்லும் வழி. ஊசியால் வயிற்றறைக்குள் செலுத்திய சாரம் வேலை செய்தாலும், வாய் வழியாகச் சென்று ஜீரண நீரில் சிதைந்த சாரம் அவ்வாறே வேலை செய்யும் என்பது நிச்சயமில்லை.

வுட்சக்கும் வாத்தும் மனிதனும்

இவ்வெல்லைகள் யாவற்றையும் கீழாநெல்லியின் வரலாற்றிலேயே காணலாம். பி வகைக் கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் வைரஸை 1960-களில் கண்டறியும் வழியைத் திறந்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த பாரூக் பிளம்பர்க்; அதற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்றார். இவ்வைரஸ் இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுவது. பிறக்கும்போது தொற்றினால் பத்துக் குழந்தைகளில் சுமார் ஒன்பதில் அது வாழ்நாள் முழுவதும் தங்கி, பிற்காலத்தில் கல்லீரல் சுருக்கத்தையும் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடும்.

இவ்வைரஸ் சாதாரண எலியைத் தொற்றுவதில்லை. ஆகவே, மூலிகையின் பலனை இந்நோயில் பார்க்க வேறு ஜந்து தேவைப்பட்டது. வட அமெரிக்காவில் வளை தோண்டி வாழும், அணில் இனத்தைச் சேர்ந்த, முயலைவிடப் பெரிய வுட்சக் என்னும் பிராணிக்கு இதனையொத்த வைரஸ் ஒன்று இருப்பது 1978-ல் கண்டுபிடிக்கப்பட்டது. வாத்துகளுக்கும் அத்தகைய வைரஸ் உண்டு என்பது 1980-ல் தெரியவந்தது.

பிளம்பர்க்கும் அவருடைய சகாக்களும் இந்தியக் கீழாநெல்லியின் ஜலச் சாரத்தை வுட்சக்குகளில் சோதித்து, 1987-ல் முடிவுகளை வெளியிட்டனர். புதிதாகத் தொற்றுப் பெற்ற நான்கு பிராணிகளுக்குச் சாரத்தை வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்தியபோது, மூன்றில் 3 முதல் 6 வாரங்களுக்குள் வைரஸின் அடையாளங்கள் மறைந்தன. சிகிச்சையை நிறுத்தி 45 வாரங்கள் கடந்தும் அவை திரும்பவில்லை. சாரம் கொடாத மூன்று பிராணிகளிலோ அடையாளங்கள் நீடித்தன. ஆனால், நெடுநாள் தொற்றுள்ள பிராணிகளுக்குத் தோலின்கீழ் ஊசி போட்டபோது பலன் தெரியவில்லை. அவற்றுள் ஐந்தை வயிற்றறை ஊசிக்கு மாற்றியபோது இரண்டில் மட்டும் வைரஸ் அடையாளம் குறைந்தது. செடியும் வைரஸும் ஒன்றாயிருக்க, மருந்து சென்ற வழியும் தொற்றின் வயதும் மாறியதால் முடிவும் மாறியது.

அடுத்த வருஷம், 1988-ல், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜனும் அவருடைய சகாக்களும், பிளம்பர்க் குழுவினருடன் சேர்ந்து, மனிதர்களில் செய்த சோதனையை வெளியிட்டனர். பி வைரஸை நெடுநாள் தாங்கியிருந்தவர்களுக்கு, காயவைத்த கீழாநெல்லித் தூள் 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுக்கப்பட்டது. மருந்துண்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்புற அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்தது. மருந்தில்லாத தூள் உண்டவர் 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. இம்முடிவு உலகெங்கும் பெரும் நம்பிக்கையை உண்டாக்கிற்று. 1987-ம் வருஷத்துக் கட்டுரையில் செடியின் பெயர் நிரூரி என்றும், 1988-ம் வருஷத்துக் கட்டுரையில் அமாரஸ் என்றும் குறிக்கப்பட்டிருப்பதும் கவனிக்கத்தக்கது.

ஆயினும், வேறிடங்களில் அப்பலன் திரும்பக் காணப்படவில்லை. 1990-ல் வெளியான வாத்துப் பரிசோதனையில் வைரஸ் பெருகுவதை அமாரஸ் தடுக்கவில்லை. அதே வருஷத்தில் தாய்லாந்திலிருந்தும், 1994-ல் நியூஸிலாந்திலிருந்தும், வைரஸ் தாங்கியிருந்தோருக்கு இம்மூலிகையால் பலன் இல்லை என்று செய்திகள் வெளிவந்தன. 2011-ல் இத்தகைய சோதனைகள் பலவற்றையும் ஒருங்கே ஆராய்ந்தவர்கள், நாட்பட்ட பி வகைக் கல்லீரல் அழற்சிக்குப் பைலாந்தஸ் இனங்கள் பலனளிக்கும் என்று நம்பத்தக்க சான்று இல்லை என்றே முடிவு கூறினர்.

இதனால் கீழாநெல்லி பயனற்றது என்று ஒதுக்கிவிடுவது ஒரு பக்கத் தவறு. எலியும் வுட்சக்கும் சாட்சி சொல்லிவிட்டன, இனி ஆஸ்பத்திரி எதற்கு என்பது மறுபக்கத் தவறு. நஞ்சின் கேட்டிலிருந்து எலியின் கல்லீரலைக் காக்கும் குணம் இதற்கு உண்டு என்பதற்குச் சான்றுகள் உள்ளன. பி வைரஸை மனித தேகத்திலிருந்து அகற்றும் என்பதற்குச் சான்று நிலைபெறவில்லை. மெய்யாக இன்று சொல்லக்கூடியது இவ்வளவே.

மூட்டையில் இருப்பது என்ன

ஒரே பெயருள்ள மூலிகை ஓரிடத்தில் ஒரு விதமாகவும் மற்றோரிடத்தில் வேறு விதமாகவும் முடிவு தந்தால், நோயாளரையும் வைரஸையும் ஒப்பிடுவதோடு, செடியையும் ஒப்பிட வேண்டியதாகிறது. சோதிக்கப்பட்டது ஒரே இனந்தானா? எந்த மண்ணில் விளைந்தது? எந்தப் பருவத்தில் அறுத்தது? எவ்வாறு உலர்த்தியது? பிளம்பர்க்கும் உனாண்டரும் 1991-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, பைலாந்தஸ் இனங்களுக்கிடையேயும், ஒரே இனத்துச் செடிகளுக்கிடையேயும், அவை வளர்ந்த சூழ்நிலைகளுக்கிடையேயும் உள்ள வேறுபாடு, வைரஸின்மேல் அவற்றின் சாரம் செய்யும் வேலையைப் பாதிக்கும் விதத்தையே ஆராய்ந்தது. அவ்வளவில் மருந்தாராய்ச்சி பயிர் நூலின் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

ஆராய்ச்சிசாலையில் எவ்வளவு நுட்பமான கருவிகள் இருந்தாலும், மூட்டையில் வந்தது கலப்புச் சரக்கானால் முடிவும் கலப்பு முடிவே. சிவப்புக் கீழாநெல்லி பாதியும் அமாரஸ் பாதியுமாக வந்த சரக்கின் சாரம் எலியில் பலன் காட்டாவிட்டால், குற்றம் மூலிகையின்மேல் சுமத்தப்படும்.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அரைகுறையாக உலர்ந்த சரக்கில் பூசணம் பிடிக்கும். அப்பூசணங்களில் சில அப்ளடாக்ஸின் என்னும் நஞ்சை உண்டாக்குவன. அந்நஞ்சு முதலில் தாக்குவது கல்லீரலையே. 1960-ல் இங்கிலாந்தில் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் இன்ன நோய் என்று தெரியாமல் மடிந்தன. அவற்றுக்குத் தீனியாக இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்ததே காரணம் என்று பின்னர் கண்டறிந்தனர். நம் நாட்டிலேயே 1974-ல் ராஜஸ்தான், குஜராத் மாகாணங்களின் சில கிராமங்களில், பருவம் தவறிய மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற 397 பேருக்குக் காமாலையும் வயிற்றில் நீர்க்கோவையும் கண்டு, 106 பேர் இறந்தனர். அதே தானியத்தைத் தின்ற நாய்களும் மாண்டன. காமாலைக்கென்று விற்கும் மூலிகையே பூசணம் பிடித்துக் காமாலையை உண்டாக்கும் நஞ்சாக மாறக்கூடும் என்பதைச் சரக்கு உலர்த்தும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்தல் வேண்டும்.

பயிரிடுவோரும் சேகரிப்போரும் கவனிக்க வேண்டியவை

1. விதையை நம்பத்தக்க இடத்திலிருந்து பெறுக. லக்னோவிலுள்ள மத்திய மருந்து மற்றும் வாசனைச் செடிகள் ஆராய்ச்சி நிலையம் நவ்யக்ருத், சிம்-ஜீவன் என்னும் தெரிந்தெடுத்த அமாரஸ் ரகங்களை வெளியிட்டுள்ளது. ஊரிலேயே விதை எடுப்பவர், பூவும் காயும் பார்த்து இனத்தை உறுதி செய்த செடிகளிலிருந்து மட்டும் எடுத்தல் வேண்டும்.

2. விதை மிகப் பொடியானது. உலர்ந்த மணலுடன் கலந்து நாற்றங்காலில் தூவி, ஆழமாக மூடாமல், பூவாளியால் நீர் தெளித்து வளர்க்க வேண்டும். நாற்று நடும் வயலில் ஈரம் வேண்டும்; நீர் தேங்கலாகாது.

3. களையெடுக்கும்போது சிவப்புக் கீழாநெல்லி, மேலாநெல்லி ஆகியவற்றையும் களையாகவே கருதிப் பிடுங்குக. இது பூக்கும் தறுவாயில் ஒருமுறை அவசியம் செய்ய வேண்டியது.

4. நட்ட 80 முதல் 100 நாட்களுக்குள், இலை பசுமையாகவும் அடர்த்தியாகவும் இருக்கையில் அறுவடை செய்க. சத்து இலையில் இருப்பதால், இலை உதிர்ந்த பின் எடுக்கும் சரக்கு வெறும் தண்டேயாகும்.

5. களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ தெளித்த வயல்களின் வரப்புகளிலிருந்தும், பெரிய சாலை ஓரங்களிலிருந்தும், சாக்கடை, தோல் பதனிடும் சாலை ஆகியவற்றின் கழிவுநீர் பாயும் இடங்களிலிருந்தும் சேகரித்தல் கூடாது. ஈயம் முதலிய உலோக நஞ்சுகள் செடியில் ஏறிவிடும். கொதிக்கவைத்தாலும் அவை நீங்கா.

6. வேரிலுள்ள மண்ணை நன்றாக உதறிக் கழுவி, நீர் வடிந்த பின், நிழலில் காற்றோட்டமான இடத்தில் மெல்லியதாகப் பரப்பி, நாள்தோறும் புரட்டிவிடுக. வெறுந்தரையில் பரப்பாமல், மூங்கில் தட்டிகளிலோ சுத்தமான படுதாவிலோ உலர்த்துவது நலம்.

7. தண்டை வளைத்தால் வளையுமாயின் இன்னும் ஈரம் உண்டு. ஓசையுடன் ஒடிந்தால் பதம். பதம் வந்தபின் புதிய சாக்குகளில் கட்டித் தரையில் படாமல் மரச் சட்டங்களின்மேல் அடுக்குக. பூசண வாசனை அடிக்கும் சரக்கை நல்ல சரக்குடன் கலந்து தள்ளிவிட நினைப்பது நோயாளருக்குச் செய்யும் துரோகமாகும்.

8. ஒவ்வொரு மூட்டையிலும் வயலின் பெயர், அறுத்த தேதி, விதை வந்த இடம் ஆகியவற்றை எழுதிக் கட்டுக. அந்த வயலில் பூவும் காயும் கொண்ட செடி ஒன்றைக் காகித மடிப்பில் வைத்து அழுத்தி உலர்த்தி, மாதிரியாகச் சேமித்து வைப்பது மிக்க பயன் தரும். ஆராய்ச்சி செய்வோர் இனத்தை உறுதி செய்ய முதலில் கேட்பது அம்மாதிரியையே.

நோயாளரும் வீட்டாரும் அறிய வேண்டியது

கண் மஞ்சளித்தவரை முதலில் வைத்தியரிடம் காட்டி, இரத்தப் பரிசோதனையால் காரணத்தை அறிதல் வேண்டும். காய்ச்சலுடன் கெண்டைக்கால் வலியும் சிறுநீர்க் குறைவும் இருந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும். வயல் சேற்றில் இறங்கி வேலை செய்வோருக்கு இது வருவதுண்டு. தக்க மருந்து உடனே கிடைத்தால் பிழைக்கலாம், தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. மலம் வெளுத்து உடல் அரித்தால் பித்தக் குழாய் அடைபட்டிருக்கலாம். அதற்குப் பச்சிலை உதவாது. நினைவு தடுமாறுதல், இரத்தக் கசிவு, ஓயாத வாந்தி ஆகியவை கல்லீரல் அடியோடு தளர்வதன் அடையாளங்கள். கர்ப்பிணிகளுக்கு ஈ வகைக் கல்லீரல் அழற்சி மிகக் கொடியது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் கண்டால் எந்தப் பச்சிலைச் சாறும் புகட்டலாகாது. நீரிழிவுக்கோ இரத்தக் கொதிப்புக்கோ மருந்து உண்பவர் கீழாநெல்லியைச் சேர்த்து உண்ணுமுன் வைத்தியரைக் கேட்பது அவசியம்.

பி வகைக் கல்லீரல் அழற்சிக்கு முன்காப்பே சிறந்தது. அதற்கான தடுப்பூசி நம் நாட்டில் 2002-ல் சில இடங்களில் தொடங்கப்பட்டு, 2011-ல் தேசம் முழுவதும் குழந்தைகளுக்கான பொது ஊசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடப்படுதல் வேண்டும். ஏற்கெனவே தொற்றுள்ளவர்களுக்கு வைரஸை அடக்கிவைக்கும் மாத்திரைகள் உண்டு. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசமாக அளிக்கப்படுகின்றன.

கீழாநெல்லியைப் பற்றிய ஆராய்ச்சி முடிந்துவிடவில்லை. இனிவரும் பரிசோதனைகள் ஐயமற்ற விடையைத் தருமா என்பது ஆராய்ச்சியாளரின் நுட்பத்தை மட்டும் பொறுத்ததன்று. அவர்களுக்குக் கிடைக்கும் சரக்கையும் பொறுத்தது. இனம் கலவாமல், நஞ்சு சேராமல், பூசணம் பிடிக்காமல், பருவமறிந்து அறுத்து உலர்த்திக் கொடுக்கும் குடியானவர் அவ்வாராய்ச்சியில் பங்கு கொண்டவரே ஆவார். நல்ல சரக்குக்கு நல்ல விலை கிடைப்பதோடு, அதனை உண்ணும் நோயாளருக்கு இன்னது உண்கிறோம் என்னும் நிச்சயமும் அவரால் உண்டாகிறது.